மூச்சை அடக்குங்கோ

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று
ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்வேன்:
'மூச்சை இழுங்கோ. அடக்குங்கோ. அசையாதேங்கோ.'
பிறகு, 'சரி, விடுங்கோ.'
சிங்களத்தில் சொல்லும்போது
கொஞ்சம் சத்தமாக.

ஓவர்டைம் நிலுவை வந்த மாதம்
டோஹாவுக்குப் போகவிருந்த நிரூஜனிடம் கமராவை வாங்கினேன்,
லென்ஸ் மூடி இல்லாமல்.
முதல் வருடம் எல்லாரும் எடுப்பதை எடுத்தேன்.
உப்புவெளியில் சூரியன்,
கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்
வாளியோடு சிரிக்கும் மச்சாள்,
சுவாமி மலையிலிருந்து கடல்,
மறுபடி சூரியன்.
மச்சாள் வட்ஸப்பில் ஏழு இதயம் அனுப்புவாள்.
யாரைக் கண்டாலும் 'அசையாதேங்கோ' என்பேன்,
பழக்கதோஷம்.
அவர்களும் தோளை முன்னால் தள்ளி
எக்ஸ்ரே பலகையில் சாய்வதுபோல நின்றார்கள்.

ஒரு இரவு வேலை முடிந்து
பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது
கார்ட் நிரம்பிவிட்டது.
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன்.
நடுவில் நான் எடுக்காத ஒரு படம்.
கைப்பைக்குள் பொத்தான் அமர்ந்திருக்க வேண்டும்.
பாதி வெட்டுப்பட்ட மான்,
வாயில் லொத்தர் சீட்டு,
பின்னால் கொண்டக்டரின் கை
புகையாய்க் கலைந்து.
விரல் குப்பைத்தொட்டிக் குறியில் நின்றது.

பஸ் வருவதற்குள்
நாற்பது சூரியன்களை அழித்தேன்.
மான் இருந்தது.

அதன்பிறகு டச்பே.
கரைவலை இழுக்கும் இடம், அதே கல்,
பங்குனியிலிருந்து புரட்டாசி வரை.
ஐந்து மணிக்குப் போய்
ஏழேகாலுக்குச் சப்பாத்துக்குள் மணலோடு வேலைக்கு.
வீட்டில் சுகுணன் கேட்டார்,
'ஒரே கடலுக்கு எத்தனை தரம் போவீர்?'
ஒரே பேப்பரை மூன்று தரம் வாசிக்கிறவர் அவர்.

வெளிச்சத்தின் மணியை
நனைந்த கயிற்றின் நிறத்தில் பார்க்கப் பழகினேன்.
படங்கள் இன்னும் சரியில்லை.
எல்லாவற்றிலும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.
சம்மாட்டி கனீசியஸ் ஒருநாள் கேட்டார்,
'பிள்ளை, மீனே படேல்ல,
நீர் என்னத்தைப் பிடிக்கிறீர்?'
எனக்கும் தெரியவில்லை.

ஆள் குறைந்த ஒரு காலை
கமராவைக் கல்லில் வைத்துவிட்டுக்
கயிற்றின் வால்பக்கம் போய்ப் பிடித்தேன்.
அம்பாவின் முதற்சொல்லில் இழுத்து,
கடைசிச் சொல்லில் விட்டு,
குதிக்காலை மணலில் புதைத்து
பின்னால் ஓர் அடி.
அங்கே யாரும் மூச்சை அடக்குவதில்லை.
உள்ளங்கை உரிந்தது. படம் ஒன்றும் எடுக்கவில்லை.
ஒரு பை சாளை தந்தார்கள்.
அன்று நெஞ்சுப் படத்துக்கு வந்தவர்கள்
என்னருகே மூக்கைச் சுளித்தார்கள்.

மறுநாள் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கனீசியஸின் இடக்கை. கயிறு.
ஓரத்தில் வேறு யாருடையதோ ஒரு முழங்கை.
முறுக்கிலிருந்து சொட்டும் வெளிச்சம்.
கடல் இல்லை, சூரியன் இல்லை.
மூச்சை அடக்கியது நான்.

மெயின் வீதி ஸ்ரூடியோவில் நளீம் கேட்டான்,
'இந்த முழங்கையை வெட்டிவிடவா, மிஸ்?
கொஞ்சம் பிறைற் பண்ணுவம்?'
வேண்டாம், இருட்டான இடம் இருட்டாகவே வரட்டும் என்றேன்.
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
கறுப்பு மைக்குக் கூடக் காசு கேட்டான்.

எல்லாம் கணினிக்குப் போனபின்
எங்கள் அறையில் வெளிச்சப் பெட்டி சும்மா கிடக்கிறது.
அதில் ஒட்டினேன், சுவிட்ச் போடாமல்.
அற்றென்டன் தவபாலன் தேத்தண்ணியோடு வந்தவன்
ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.
'மிஸ், இது எங்க முறிஞ்சிருக்கு?'

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.
வெளியே
முப்பத்திரண்டாம் நம்பர் இருமியது.